நாலு பேர் கூடினால்...

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது கொரோனா கொண்டுவந்த புதுமை என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவரை வந்தவாசிக்கு அழைத்துப்போய் தேசூர் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சின்னப் பேரூராட்சி அது. ஆரணிப் பட்டு என்று கடையில் நீங்கள் வாங்கும் புடவை முழுக்க ஆரணி டவுனுக்குள்ளேயே நெய்யப்படுவதில்லை. அந்த வட்டாரத்தில் இந்த மாதிரி ஊர்களில், வீடுகளில், நெய்யப்படுகிறது. முன்கட்டில் தரையில் ஒரு பள்ளம். அதில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்தால் தறி நடக்கும். அதுதான் ஆபீஸ். பின்கட்டில் உலை கொதிக்கும். நடுவில் பிள்ளைகள் ஹோம் ஒர்க் செய்யும்.

வேலையின் ஏற்பாடு சுலபமானது. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். நெய்து முடித்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். சூபர்வைசர் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. புடவை முடிந்ததா, சுத்தமாக இருக்கிறதா? அவ்வளவுதான் கேள்வி. 'ஆள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான் என்று பார்க்காதே, வேலை முடிந்ததா என்று பார்' என்று மேனேஜ்மெண்ட் குருக்கள் டாலரில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லும் உபதேசத்தை, இந்தத் தெருக்கள் பல தலைமுறையாக ஓசியில் கடைப்பிடித்து வருகின்றன.

2019-20-ல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல். பெரும்பாலோருக்கு வீடுதான் பட்டறை. நம் மிகப் பெரிய ஸாஃப்ட்வேர் கம்பெனியான டி.சி.எஸ்.ஸில் வேலை செய்பவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகம். ஆகவே, 'ரிமோட் ஒர்க்' பற்றிப் பேச நமக்கு அமெரிக்காவைவிட அனுபவம் ஜாஸ்தி. இந்தத் தைரியத்தில் இந்த வாரம் இரண்டு அமெரிக்கப் புத்தகங்களைத் தேசூர்த் தறிமேட்டில் உட்காரவைத்து விசாரிக்கலாம் என்று இருக்கிறேன்.

*

இரண்டும் 2013-ல் வந்தவை. அந்த வருஷம் பிப்ரவரியில் யாஹுவின் தலைவி மரிஸா மேயர், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டு, உலகமே அதைப் பற்றிப் பேசியது. அந்தச் சூட்டோடு வெளிவந்ததால் இரண்டுக்கும் நல்ல கவனிப்பு.

முதலாவது 'ரிமோட்'. எழுதியவர்கள் ஜேஸன் ஃப்ரைட், டேவிட் ஹைனமையர் ஹான்ஸன். சிகாகோவில் 37 சிக்னல்ஸ் என்ற சின்ன ஸாஃப்ட்வேர் கம்பெனி நடத்துபவர்கள். ஆபீஸ் என்பது வேலையைக் கெடுக்கும் இடம் என்பது இவர்கள் கட்சி. சின்னச் சின்ன அத்தியாயங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆட்சேபம், அதற்குப் பளிச்சென்று ஒரு பதில். கோர்ட்டில் நல்ல வக்கீல் பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறார்கள். படித்து முடித்ததும் நாளையே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குக் குடிபோகலாமா என்று தோன்றும்.

இரண்டாவது, 'தி இயர் வித்அவுட் பேன்ட்ஸ்'. பேன்ட் போடாத வருஷம். ஸ்காட் பெர்க்கன் எழுதியது. மைக்ரோஸாஃப்டில் இருந்துவிட்டு, வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமாட்டிக் கம்பெனியில் 2010-ல் சேர்ந்தவர். 2005-ல் மாட் முல்லன்வெக் ஆரம்பித்த அந்தக் கம்பெனியில் ஆளாளுக்கு ஒரு நாடு, ஆளாளுக்கு ஒரு கடிகாரம். ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஓர் ஆபீஸ் வைத்திருந்தார்கள். யாரும் எட்டிப்பார்ப்பதில்லை என்பதால் 2017-ல் அதையும் காலி செய்ய முடிவெடுத்தார்கள். பெர்க்கன் வக்கீல் இல்லை, சாட்சி. பார்த்ததைச் சொல்கிறார், சந்தேகங்களையும் சேர்த்து. இரண்டில் ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் பெர்க்கனை எடுங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், ஆபீஸே வேண்டாம் என்று சொல்லும் இந்த இரண்டு கம்பெனிகளும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தன. அவ்வப்போது எல்லோரும் ஓரிடத்தில் நேரில் கூட வேண்டும். 37 சிக்னல்ஸில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது, நாலைந்து நாள். ஆட்டோமாட்டிக்கில் வருஷத்துக்கு ஒரு 'கிராண்ட் மீட்டப்', தவிர ஒவ்வொரு டீமும் தனியாக எங்காவது கூடும். பெர்க்கனின் டீம் ஏதன்ஸில் கூடியதைப் படித்தால் பொறாமையாக இருக்கும். குடித்தார்கள், சிரித்தார்கள், ஹோட்டலில் சோபாக்களை இழுத்துப்போட்டு நிஜமாகவே வேலையும் செய்தார்கள்.

ஏன் கூட வேண்டும் என்பதற்கு இவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. எழுத்தில் மட்டுமே தெரிந்த ஆளை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், அதற்கப்புறம் அவர் எழுதும் வரிகளை அவர் குரலில் படிக்கிறோம். முன்பு முறைப்பாகத் தெரிந்த ஒற்றை வரி ஈமெயில், 'அட, இந்த மனுஷன் பேச்சே இப்படித்தான்' என்று ஆகிவிடுகிறது. உங்கள் வாட்ஸப் குழுவிலேயே இதைப் பரிசோதிக்கலாம். சித்தப்பா அனுப்பும் வெறும் கட்டைவிரலுக்கு நீங்கள் கோபித்துக்கொள்வதில்லை. முகம் தெரியாத அபார்ட்மெண்ட் செயலாளர் அனுப்பினால் ராத்தூக்கம் போகிறது.

ஆராய்ச்சிகளும் ஒத்தாசைக்கு வருகின்றன. சீனாவில் சிட்ரிப் என்ற பயணக் கம்பெனியின் ஷாங்காய் கால் சென்டரில், ஸ்டான்ஃபோர்டின் நிக்கலஸ் ப்ளூமும் கூட்டாளிகளும் ஒன்பது மாசம் ஒரு சோதனை நடத்தி 2015-ல் வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்கள் 13 சதவீதம் அதிகம் வேலை செய்தார்கள். ஆனால், அதே திறமைக்குக் கிடைக்க வேண்டிய புரமோஷன் அவர்களுக்குக் குறைந்தது. சோதனை முடிந்ததும் பாதிப் பேர் 'தனிமை தாங்கலை' என்று ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். மைக்ரோஸாஃப்ட், 2020-ன் முதல் பாதியில் தன் 61,000 அமெரிக்க ஊழியர்களின் தகவல் போக்குவரத்தை ஆராய்ந்து 2021-ல் சொன்னது: வீட்டுக்குப் போனதும் ஜனங்கள் தங்கள் சின்ன வட்டத்துக்குள்ளேயே பேச ஆரம்பித்தார்கள். புது ஆட்களோடு தொடர்பு குறைந்துபோனது.

ஆக, கூடுவது நல்லது. இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

*

நம்மூரில் இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டி.சி.எஸ். 2020-ல் '2025-க்குள் நாலில் ஒரு பங்கு ஆட்கள்தான் எந்த நேரமும் ஆபீஸில் இருப்பார்கள்' என்று அறிவித்தது. 2023-ல் 'ஐந்து நாளும் வா' என்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் தத்தளிக்கும் கம்பெனிகள் கண்டுபிடித்திருக்கும் சமரசம்தான் ரிசார்ட். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அல்லது ஏலகிரியில் இரண்டு நாள். முதலில் டி-ஷர்ட் சைஸ் கேட்டு ஈமெயில் வரும். பஸ்ஸில் அந்தாக்ஷரி. போனதும் வெல்கம் ட்ரிங்க். காலையில் தலைவர் 64 ஸ்லைடுகள் காட்டுவார். கடைசி ஸ்லைடில் 'நாம் ஒரு குடும்பம்' என்று இருக்கும். சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி, கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாயும் பயிற்சி (பிடிப்பவர் உங்கள் மேனேஜர்), டி.ஜே. ஞாயிறு மத்தியானம் பிரியாணி, குரூப் ஃபோட்டோ, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மீட்டிங்.

கேலி செய்கிறேனே தவிர, இதில் சந்தோஷப்படுபவர்களை நான் குறை சொல்லவில்லை. தென்காசியில் தனியாக ஒரு ரூமில் லேப்டாப்போடு குடித்தனம் நடத்தும் பையனுக்கு இரண்டு நாள் மனித வாடை பட்டால் நல்லதுதான்.

யார் வரவில்லை என்று கவனித்தீர்களா? கைக்குழந்தைக்காரி வரவில்லை. மாமியாருக்கு டயாலிசிஸ் உள்ளவர் வரவில்லை. சனி ஞாயிறு என்பது சமையலும் துணியுமாக இருப்பவர்கள் வரவில்லை. அதாவது, வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு யாருக்கு நிஜமாகவே தேவைப்பட்டதோ அவர்கள்தான் கூட்டத்தில் இல்லை. இரண்டு புத்தகங்களும் இதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. ஏதன்ஸுக்குப் போக முடியாதவரின் கதையை எழுத யாரும் ஏதன்ஸில் இல்லையே. கைத்தறியில் எழுபது சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இவர்களை ஏலகிரிக்குக் கூப்பிட முடியாது. கூட்டம்தான் இவர்களிடம் வர வேண்டும்.

*

இது சின்னப் புகார். பெரிய புகார் வேறு. அதற்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்கட்டில் அப்பா தறியில். உள் அறையில் மகள் லேப்டாப்பில்.

அப்பா புடவையை மடித்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போகிறார்.

"இந்தப் பக்கம் ஒரு இழை வுட்டுப்போச்சே, பாத்தியா?"

"வெளிச்சம் பத்தலிங்க மொதலாளி."

"சரி, அடுத்த தபா பாத்துக்க. இதுக்குக் கொஞ்சம் புடிச்சிக்கிறேன்."

அதே நேரத்தில் மகளின் திரையில் மேனேஜர்.

"நீ நல்லாத்தான் பண்றேம்மா. ஆனா இந்தத் தடவை பட்ஜெட் டைட். ரேட்டிங் த்ரீதான் குடுக்க முடிஞ்சுது."

"ஓகே ஸார்."

இருவருக்கும் நடந்தது ஒன்றேதான். முதலாளிக்கு எல்லா நெசவாளரையும் தெரியும். நெசவாளருக்கு முதலாளியை மட்டும்தான் தெரியும். அடுத்த தெருக்காரருக்கு இதே மாதிரிப் புடவைக்கு எவ்வளவு கிடைத்தது, அவருக்கும் பிடித்தார்களா? மேனேஜரின் கீழே இருக்கும் மற்ற பதினோரு பேருக்கும் பட்ஜெட் டைட்டா? அப்பாவும் மகளும் தனித்தனியாகப் போய், தனித்தனியாகத் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வீட்டு வேலையின் நிஜமான கஷ்டம் தனிமை என்கிறார்கள். சரி. ஆனால், தனிமை என்றால் அலுப்பு மட்டும்தானா? கணக்கு தெரியாமல் போவதும் தனிமைதான்.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' பார்த்திருப்பீர்கள். 2007-க்கான தேசிய விருது வாங்கிய படம். பிரகாஷ்ராஜ் அதில் பட்டு நெசவாளி. அந்தப் படத்தில் நெசவாளர்கள் முதலாளியின் கொட்டடியில் ஒன்றாக உட்கார்ந்து நெய்வார்கள். வெளியே போகும்போது சோதனை போடுவார்கள். அவமானம்தான். ஆனால், பக்கத்துத் தறிக்காரனிடம் கிசுகிசுக்க முடிந்தது. அந்தக் கிசுகிசுப்பில்தான் சங்கம் பிறக்கிறது, வேலைநிறுத்தம் நடக்கிறது. தறிகளைத் தனித்தனி வீட்டில் போட்டிருந்தால் கதையே இல்லை.

கூடுதலைப் பற்றி எழுதிய 'ரிமோட்' ஆசிரியர்களும், அதைப் படித்த உலகமும், கூட்டம் எதற்கு என்றால் 'பழக' என்கிறார்கள். பழகிய பிறகு பேச ஆரம்பிப்பார்களே, அப்போது?

*

அப்போது என்ன ஆகும் என்பதற்கு விடை சீக்கிரமே வந்தது. இதே கம்பெனிகளிலிருந்தே.

37 சிக்னல்ஸ் நடுவில் பேஸ்கேம்ப் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. அங்கே வாடிக்கையாளர்களின் 'வேடிக்கையான' பெயர்களை ஒரு பட்டியலாகப் பல வருஷம் சேர்த்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சில ஊழியர்கள் இது தப்பு, இதில் ஆப்பிரிக்க, ஆசியப் பெயர்களைக் கிண்டல் செய்கிறோம் என்றார்கள். ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் தாங்களாகவே முன்வந்து ஒரு குழு அமைத்துக் கம்பெனியில் பாரபட்சம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். 2021 ஏப்ரலில் ஃப்ரைட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கம்பெனிக்குள் சமூக, அரசியல் பேச்சு கூடாது. குழுக்கள் எல்லாம் கலைப்பு. பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு விலகலாம். எல்லோரும் வீடியோவில் கூடிய ஒரு கூட்டத்துக்குப் பின் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் போய்விட்டார்கள்.

ஆட்டோமாட்டிக்கிலும் அப்படித்தான். 2024-ல் முல்லன்வெக்குக்கும் இன்னொரு கம்பெனிக்கும் பெரிய தகராறு. ஊழியர்களில் பலருக்கு அவர் போக்கு பிடிக்கவில்லை. குறைந்தது 30,000 டாலரோ ஆறு மாசச் சம்பளமோ, எது அதிகமோ அதை வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். 159 பேர், அதாவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல், போனார்கள்.

இரண்டு முதலாளிகளும் பணம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அதற்கு மரியாதை கொடுக்கலாம். ஆனால், யோசியுங்கள். எப்படிக் கூடுவது என்று உலகத்துக்கே பாடம் எடுத்த இரண்டு கம்பெனிகள். வருஷா வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகச் சிரித்த ஜனங்கள். கருத்து வேறுபாடு வந்ததும் இருந்தது ஒரே ஒரு கதவு, வாசல் கதவு.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஓரிடத்தில் குறை இருந்தால் மனுஷன் இரண்டு காரியம் செய்யலாம் என்றார். விலகிப் போகலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விலகுவது தனி ஆளாலும் முடியும். குரல் எடுபட வேண்டுமென்றால் நாலு பேர் வேண்டும். இந்தக் கம்பெனிகள் பழகுவதற்கு ஏதன்ஸ் வரை டிக்கெட் எடுத்துக் கொடுத்தன. குரலுக்கு ஒரு நாற்காலி போடவில்லை. இரண்டு புத்தகங்களிலும் எனக்குப் படும் பெரிய ஓட்டை இதுதான். கூட்டத்தை மனநிலை சம்பந்தப்பட்ட சமாசாரமாக மட்டும் பார்க்கிறார்கள். அது அதிகாரம் சம்பந்தப்பட்ட சமாசாரமும்கூட.

*

இதை நம் நெசவாளர்கள் ரொம்ப நாளைக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். செங்குந்தர் என்று இன்று சொல்லும் கைக்கோளர்களுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தவர்கள் 72 நாடுகளாகப் பிரிந்திருந்தார்கள். அதற்கு மேல் நாலு திசை நாடுகள். எல்லாவற்றுக்கும் தலைமை காஞ்சிபுரத்து மகாநாடு. மேட்டிஸன் மைன்ஸ் என்ற மானிடவியலாளர் 'தி வாரியர் மெர்ச்சண்ட்ஸ்' என்று 1984-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தறி வீட்டில், தகராறு சபையில். இதைப் பார்த்து உருகிவிடவும் வேண்டாம். அது ஒரு ஜாதிக்குள் நடந்தது. ஆண்கள் உட்கார்ந்து பேசி முடித்தது. ஆனாலும், கூப்பிட்டது அவர்களே. முதலாளி டி-ஷர்ட் அனுப்பிக் கூட்டவில்லை.

பிரசன்னன் பார்த்தசாரதி 2001-ல் எழுதிய ஆராய்ச்சி நூலில் இன்னொரு தகவல். 18-ம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளர், வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது. பிடிக்காவிட்டால் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரியாக இருந்து அரசாங்கமாகவும் ஆன பிறகு அந்த வசதி போயிற்று. வாசல் கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள். விலகும் உரிமையை மட்டும் நம்பியிருந்தால் இதுதான் ஆபத்து. சந்தை மோசமானால், அல்லது எதிரில் இருப்பவன் ரொம்பப் பெரியவனானால், அந்தக் கதவு ஒருநாள் திறக்காது.

வேலையே கூட்டிவைக்கும் கூட்டமும் ஒன்று உண்டு. பாவு தோய்வது. விடிகாலையில் தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டியாக வேண்டும். ஒருவரால் ஆகாது. இன்றைக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ. கை வேலையில் இருக்க, வாய் சும்மா இருக்குமா? யாருக்கு என்ன கூலி, எந்த முதலாளி இழுத்தடிக்கிறார், எவர் பெண்ணுக்குக் கல்யாணம் என்று எல்லாம் பேசியாகிவிடும். ஸ்லைடு இல்லை, வெல்கம் ட்ரிங்க் இல்லை. இன்றைக்குப் பல இடங்களில் மெஷினில் பாவு ஓட்டி உருளையாகச் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். முதுகுவலி குறைந்தது. தெருப்பேச்சும் குறைந்தது.

பிறகு கூட்டுறவு சங்கம். 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற மில் ஊரில் 28 பேர், அவர்களில் பல நெசவாளர்கள், சேர்ந்து ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான் என்பது அவர்கள் கொள்கை. அதன் பேரப்பிள்ளைதான் 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸும், நம் ஊர்களில் இருக்கும் நெசவாளர் கூட்டுறவு சங்கங்களும். அங்கே பொதுப்பேரவை என்று ஒன்று உண்டு. கணக்கைப் படிக்க வேண்டும். உறுப்பினர் எழுந்து 'இது என்ன செலவு?' என்று கேட்கலாம். கூட்டத்தில் காபியும் மிக்ஸரும்தான் கிடைக்கும். ஆனால், கேள்வி கேட்கிற உரிமை விதியில் எழுதியிருக்கிறது.

சங்கங்கள் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தேர்தல் நடக்காமல் அரசாங்கத்தின் தனி அலுவலர்கள் வருஷக்கணக்கில் நடத்திய சங்கங்கள் உண்டு. கட்சிக்காரர்கள் குந்திக்கொண்ட சங்கங்கள் உண்டு. கையெழுத்து வாங்கிக்கொண்டு 'பேரவை கூடியது' என்று எழுதிய நோட்டுகளும் இருக்கும். விதி கெட்டுப்போகலாம். ஆனால், கெட்டுப்போனது என்று சொல்லிக்காட்ட ஒரு விதி இருக்கிறது. ரிசார்ட் கூட்டத்தில் கெட்டுப்போக என்ன இருக்கிறது, பிரியாணியைத் தவிர?

1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 177-ம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக இவர்களை நடத்த வேண்டும் என்று சொல்லி, சமத்துவப் பட்டியலில் முதலில் வைத்தது எதைத் தெரியுமா? தங்களுக்குப் பிடித்த சங்கத்தை அமைக்கவும் அதில் சேரவும் உள்ள உரிமை. கூலிகூட அதற்கு அப்புறம்தான். இந்தியா இதற்கு இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை. அந்த உடன்படிக்கையை யோசித்தவர்கள் மனசில் இருந்தது பீடியும் ஊதுபத்தியும் தையலும் நெசவும். லேப்டாப்காரர்கள் அதில் தாங்களும் இருக்கக்கூடும் என்று நினைத்தே பார்ப்பதில்லை. தறிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான் என்பதை அந்தத் தேசூர் வீட்டில் பார்த்தோம்.

*

விமரிசனம் என்றால் குறையோடு நிறுத்தக்கூடாது. ஆட்களைத் தூரதூரமாக வைத்து வேலை வாங்கும் எந்தக் கம்பெனியின் கூட்டத்தையும் எடை போட நாலு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, கூட்டம் யார் நேரத்தில் நடக்கிறது? வேலை நாளில், சம்பளத்தோடு என்றால் அது வேலை. சனி ஞாயிறு என்றால் அது உங்கள் வீட்டிலிருந்து திருடியது.

இரண்டு, வர முடியாதவரிடம் கூட்டம் போகிறதா? ஜோஹோ 2011-ல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டது. ஊர்க்காரர்களைச் சென்னைக்கு இழுக்காமல் ஆபீஸை ஊருக்குக் கொண்டுபோனது. கூட்டத்துக்கும் இது பொருந்தும். வருஷத்துக்கு ஒரு ஏதன்ஸைவிட, மாசத்துக்கு ஒருமுறை ஆரணியில் ஒரு ஹால் மேல். பஸ்ஸில் போய், பிள்ளை பள்ளிவிட்டு வருமுன் திரும்பிவிடலாம்.

மூன்று, கூட்டத்தில் ஒரு மணி நேரமாவது மேலதிகாரிகள் வெளியே போகிறார்களா? அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் சரி. முதலாளி வீட்டுத் திண்ணையில் நடக்கும் பேச்சும் தெருவில் பாவு தோயும்போது நடக்கும் பேச்சும் ஒன்றல்ல.

நாலு, அங்கே பேசியதில் ஏதாவது ஒன்று அடுத்த மாசம் மாறியதா? மாறவில்லை என்றால் ஏன் என்று யாராவது எழுந்து பதில் சொன்னார்களா?

'ரிமோட்' புத்தகத்தின் பாதியை நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். ஆபீஸ் என்ற கட்டடம் இல்லாமல் நல்ல வேலை நடக்கும். அதற்குத் தேசூரின் ஒவ்வொரு புடவையும் சாட்சி. ஆனால், கட்டடத்தை எடுத்துவிடும்போது அதோடு காணாமல் போவது நாற்காலியும் காபி மெஷினும் மட்டுமில்லை. 'உனக்கு எவ்வளவு கொடுத்தாங்க?' என்று பக்கத்து ஸீட்டில் கேட்கிற அந்த ஐந்து நிமிஷமும் போய்விடுகிறது. அதைத் திருப்பிக் கொடுக்காத கூட்டம் எவ்வளவு அழகான கடற்கரையில் நடந்தாலும் அது சுற்றுலா.

எனவே, அடுத்த தடவை டி-ஷர்ட் சைஸ் கேட்டு ஈமெயில் வந்தால் தவறாமல் பதில் போடுங்கள். 'மீடியம்' என்று எழுதிவிட்டுக் கீழே ஒரே ஒரு வரி சேருங்கள்: 'எங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் தனியாக ரூம் கிடைக்குமா?'

பதில் எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் கம்பெனியைப் பற்றி 64 ஸ்லைடுகள் சொல்லாததை அது சொல்லிவிடும்.